எண்பத்தேழில் ஒரு பங்கு

சென்னையிலிருந்து தெற்கே போகிற வண்டி செங்கல்பட்டை நெருங்கும்போது தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிகிறது. இன்று அந்தத் தடத்தில் ஓடுவதெல்லாம் அகலப்பாதை வண்டிகள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். ஆனால் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய செங்கல்பட்டுக்காரர்களுக்கு அதே கரையில் மீட்டர்கேஜ் ஓடிய காலம் நன்றாக நினைவிருக்கும். அந்த மீட்டர்கேஜில் ஓர் அபூர்வம் இருந்தது. கீழே ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதை, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. அதற்கென்றே 1960களில் ஜப்பானிலிருந்து 20 மின்சார இன்ஜின்கள் வந்தன. ஒய்.ஏ.எம்-1 என்பது அவற்றின் வகைப்பெயர். ஒவ்வொன்றும் 52 டன். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை அவை பயணிகளையும் சரக்கையும் இழுத்தன. 2004இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில்களும் நின்றுபோக, இந்த வகை இன்ஜினுக்கு ஓட இடமே இல்லாமல் போயிற்று.

இந்த அத்தியாயத்தில் அந்த இன்ஜினை 87இல் ஒரு பங்காகச் செய்துபார்ப்போம். உலகம் முழுவதும் மாடல் ரயில் செய்பவர்கள் அதிகம் கையாளும் அளவு இது. எச்.ஓ என்பார்கள். அசலில் 87 மில்லிமீட்டர் என்றால் மாடலில் ஒரு மில்லிமீட்டர். இருபது மீட்டர் நீள இன்ஜின் 23 சென்டிமீட்டராகி, கைக்குள் அடங்கிவிடும்.

கணக்கு எளிது. ஆனால் எல்லாவற்றையும் 87ஆல் வகுத்துவிட்டால் கிடைக்கும் இன்ஜின் ஓடாது. ஓடினாலும் ரயில்போல ஓடாது. எதனால் என்று தேடிப் போனால், பள்ளியில் நாம் படித்து மறந்த இயற்பியல் முழுவதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நல்ல மாடல் இன்ஜின் என்பது சுருக்கப்பட்ட இன்ஜின் இல்லை. சுருக்கியதால் கெட்டுப்போனதையெல்லாம் வேறு வழியில் ஈடுகட்டிய புது இயந்திரம் அது.

எழுபத்தொன்பது கிராம்

முதலில் எடையைப் பார்ப்போம். நீளத்தை 87ஆல் வகுத்தால் பரப்பு 87 × 87 மடங்கு, அதாவது 7,569 மடங்கு குறைகிறது. கன அளவோ 87ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, 6,58,503 மடங்கு குறைகிறது. எடை கன அளவோடு போவது. 52 டன்னை அந்த எண்ணால் வகுத்தால் வருவது 79 கிராம்.

இன்ஜின் வண்டியை இழுப்பது மோட்டாரின் பலத்தால் மட்டும் இல்லை. சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தில் வழுக்காமல் தரக்கூடிய இழுவிசை, அதன் மேல் இருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்கு. 79 கிராம் இன்ஜின் என்றால் 16 கிராம் இழுவிசைதான். இந்த விகிதம் அசலிலும் கிட்டத்தட்ட இதேதான், அப்படியிருக்க மாடலுக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று கேட்கலாம். விடை, பின்னால் வரும் பெட்டிகளில் இருக்கிறது. அசல் ரயில் பெட்டி எஃகு உருளைத் தாங்கிகளில் உருளுகிறது. சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்த ஏறக்குறைய இரண்டு கிலோ விசை போதும், அதாவது எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. மாடல் பெட்டியின் அச்சு முனைகளோ பிளாஸ்டிக் குழிகளில் சுற்றுகின்றன. அங்கே எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தேவைப்படும். எடைக்கு எடை பார்த்தால், மாடல் இன்ஜின் பத்து மடங்கு சிரமப்பட்டு இழுக்கிறது. நாற்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 100 கிராம் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நாலரை கிராம் விசை வேண்டியிருக்கும். தன் எடையையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் 79 கிராம் இன்ஜின் இரண்டு பெட்டிகளோடுதான் ஏறும். மூன்றாவதை மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஆகவே மேம்படுத்தலில் முதல் வேலை எடை ஏற்றுவது. இன்ஜினை 300 கிராமுக்குக் கொண்டுபோனால் இழுவிசை 60 கிராம் ஆகிறது; அதே ஏற்றத்தில் பத்துப் பெட்டிகள் வரும். சின்ன உடலுக்குள் இத்தனை எடையை அடக்க ஈயம்தான் கைகொடுக்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், பித்தளை எட்டரைதான். மாமல்லபுரம் கரையில் வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகள் இதற்குப் பொருத்தமானவை. சுத்தியலால் தட்டினால் எந்த இடுக்குக்கும் படிந்துவிடும். அரம் போட்டு ராவக் கூடாது. ஈயத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், துண்டுகளின் மேல் ஒரு பூச்சு பெயின்ட் அடித்துவிட வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் ஈயத்தை விட்டுவிட்டுப் பித்தளையே போடுங்கள்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முன்பக்கம் திணித்தால் பின்போகி, அதாவது பின்பக்கச் சக்கரத் தொகுதி, தண்டவாளத்தை லேசாகத்தான் தொடும். இழுவையும் போகும், மின்சாரமும் சரியாக வராது. இன்ஜினின் நடுவில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன்மேல் நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால் எடை சரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பாதையிலேயே ஒரு சிக்கல்

தண்டவாளத்தின் அகலம் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எச்.ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1435. ஐரோப்பாவின், அமெரிக்காவின் பாதை அகலம். நம் 1676ஐ 87ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். இந்திய அகலப்பாதை இன்ஜின்களை இந்த அளவில் செய்பவர்கள் உடலை ஒன்றுக்கு எண்பத்தேழில் வடித்துவிட்டு, உலகெங்கும் கிடைக்கும் 16.5 தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே நின்று பார்த்தால் இன்ஜின் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது தெரியும்.

மீட்டர்கேஜ் மாடல்காரருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். 1000ஐ 87ஆல் வகுத்தால் 11.5, சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. இது கிடைப்பதற்குக் காரணம் சுவிட்சர்லாந்து. அங்கே ரேட்டிய ரயில்வே என்ற மலைப்பாதை முழுக்க மீட்டர்கேஜ். அதன் மாடல்களை விரும்பி வாங்குவோர் ஏராளம். அவர்களுக்காக உருவான அடிச்சட்டத்தின் மேல் செங்கல்பட்டு இன்ஜினின் உடலைப் பொருத்தலாம். ஒன்றுக்கு 120 அளவில் 1435 மில்லிமீட்டர் பாதை வண்டிகளுக்கென்று வரும் சட்டங்களும் இதே 12 மில்லிமீட்டரில்தான் ஓடுகின்றன. போகிகளுக்கு இடையிலான தூரம் ஒத்துவந்தால் அவையும் ஆகும். கடையில் ஒய்.ஏ.எம்-1ஐக் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டவோ, கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கவோ வேண்டியதுதான்.

வேகமும் பல்சக்கரமும்

ஒய்.ஏ.எம்-1இன் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 87ஆல் வகுத்தால் விநாடிக்கு 25 சென்டிமீட்டர். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒன்றரை மீட்டரைக் கடக்க ஆறு விநாடி. பொம்மை ரயிலை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். பொம்மைகள் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் பாய்கின்றன. அதை அசலுக்கு மாற்றினால் மணிக்கு 300 கிலோமீட்டர். பொம்மை பொம்மையாகவே தெரிவதற்கு முதல் காரணம் இந்த வேகம்தான். பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓடத் தொடங்கியதுமே கண் கண்டுபிடித்துவிடும்.

மாடலின் சக்கரம் சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம். விநாடிக்கு 25 சென்டிமீட்டர் போக அது நிமிடத்துக்கு 490 சுற்று சுற்றினால் போதும். சின்ன மோட்டாரோ நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான் சீராக ஓடும். மிக மெதுவாகச் சுற்றச் சொன்னால் விட்டு விட்டுத் திணறும். நடுவே பதினாறுக்கு ஒன்று என்ற பல்சக்கர விகிதம் வேண்டும். இதை ஒரே படியில் தருவது வார்ம் கியர். மோட்டார் அச்சில் திருகாணிபோல மரையிட்ட ஓர் உருளை, அதன் அடியில் பதினாறு பல் கொண்ட சக்கரம். உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும்.

கைத்திறன் வேண்டியது இந்த இடத்தில்தான். உருளையும் சக்கரமும் அதிகமாக நெருங்கினால் மோட்டார் முனகும், சூடாகும். விலகினால் பற்கள் உரசி ஓசை எழுப்பும், சீக்கிரமே தேயும். நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை அளக்கக் கருவி தேவையில்லை. பஸ் டிக்கெட் ஒன்றை நீள வாக்கில் மெல்லிய துண்டாகக் கிழியுங்கள். பற்களுக்கும் மரைக்கும் நடுவே அதைச் செருகி, மோட்டாரை அழுத்திவைத்துத் திருகாணியை முடுக்குங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றினால் டிக்கெட் துண்டு பல் பதிந்த தடத்தோடு வெளியே வரும். தடம் ஒரே ஆழத்தில், கிழியாமல் இருந்தால் பொருத்தம் சரி. ஒரு ஓரம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் மோட்டார் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி இப்போது பற்களுக்கு நடுவே நிற்கும்.

திறனைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். இன்று செங்கல்பட்டு வழியாக விரைவு ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்கு மேல், அதாவது நாலரை மெகாவாட். திறன் என்பது விசையும் வேகமும் பெருகியது. விசை 87இன் மும்மடிப்படி குறைகிறது, வேகம் இன்னொரு 87 மடங்கு. ஆக நான்கு முறை 87ஆல் வகுக்க வேண்டும். ஐந்து கோடியே எழுபத்திரண்டு லட்சத்துக்கும் மேல் வருகிறது அந்த எண். நாலரை மெகாவாட்டை அதால் வகுத்தால் 0.08 வாட். மாடலுக்குத் தேவை அவ்வளவுதான் என்கிறது கணக்கு. ஆனால் வழக்கமான மாடல் இன்ஜின் 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியராவது எடுத்துக்கொள்கிறது, இரண்டரை வாட். முப்பது மடங்கு! மிச்சமெல்லாம் பற்களின் உரசலிலும், மோட்டாரின் கரித்தூரிகைகளிலும், செப்புக் கம்பிச் சுருளின் சூட்டிலும் போய்விடுகிறது. பெரிய இயந்திரத்தில் உராய்வு ஒரு சில்லறைச் செலவு. சின்ன இயந்திரத்தில் அதுதான் மொத்தச் செலவும். மாடல் இன்ஜினை மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் உராய்வைத் துரத்துவதுதான். நல்ல தாங்கிகள், துளி எண்ணெய் என்று எதைச் சொன்னாலும் அதன் நோக்கம் இதுதான்.

நிற்கத் தெரியாத ரயில், ஓடத் தெரியாத மாடல்

சிங்கப்பெருமாள்கோவிலில் செங்கல்பட்டை நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயிலின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? ஆயிரத்துக்கு இரண்டு பங்கு உராய்வு மட்டுமே தடை என்று கொண்டு, காற்றின் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டால், சமதளத்தில் அது 12 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு செங்கல்பட்டையும் தாண்டிப் போய்விடும். அசல் ரயிலின் கவலையெல்லாம் எப்படி நிற்பது என்பதுதான்.

மாடலில் இது தலைகீழ். அதே விகிதப்படி மேசையில் அது 145 மீட்டர் உருள வேண்டும். உண்மையில் 17 சென்டிமீட்டரில் நின்றுவிடும். உராய்வு பத்து மடங்கு என்பது ஒரு காரணம்தான். ஆழமான காரணம் வேறு. உருளும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தை 87ஆல் வகுத்தால் தூரம் 7,569 மடங்கு குறைகிறது. ஆனால் நம் மேசையில் மற்ற நீளங்கள் எல்லாம் 87 மடங்குதானே குறைந்திருக்கின்றன? உராய்வை அசலின் அளவுக்கே கொண்டுவந்தாலும் மாடல் 87 மடங்கு சீக்கிரமாக நின்றே தீரும். புவியீர்ப்பை யாராலும் சுருக்க முடியாது என்பதால் வரும் வினை இது. இதற்கு மேல் வார்ம் கியரும் தன் பங்கைச் செய்கிறது. உருளை சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரத்தால் உருளையைச் சுற்ற முடியாது. மோட்டார் நின்ற மறுகணம் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். தண்டவாளத்தில் ஒரு தூசு, கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் விடுபட்டது, உடனே 52 டன் இன்ஜின் வெட்டுக்கிளிபோலத் துள்ளி நிற்கும்.

இதற்கு மாடல்காரர்கள் கண்ட வழி ஃப்ளைவீல். மோட்டாரின் அச்சிலேயே ஒரு பித்தளை உருளையை மாட்டிவிடுவது. 14 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் நீளம், 20 கிராம் எடை. பார்த்தால் அற்பப் பொருள். ஆனால் அது நிமிடத்துக்கு 8,000 சுற்றில் சுழலும்போது 0.17 ஜூல் ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. 300 கிராம் இன்ஜின் முழுவதும் விநாடிக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 0.01 ஜூல்கூட இல்லை. இருபது கிராம் பித்தளைக்குள் மொத்த இன்ஜினைப்போலப் பதினேழு மடங்கு ஆற்றல். சக்கரத்தின் அச்சில் மாட்டினால் பயனில்லை. அங்கே சுழற்சி பதினாறு மடங்கு மெதுவு, ஆற்றல் அதன் இருமடியாக, 256 மடங்கு குறைந்துபோகும். மோட்டார் பக்கம் இருப்பதால் வார்ம் கியரின் பூட்டும் தானே விலகுகிறது. மின்சாரம் விடுபட்டாலும் உருளை சுற்றிக்கொண்டேயிருக்கிறது. மோட்டாரின் சொந்த உராய்வு அந்த ஆற்றலில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்றாலும், இன்ஜின் மெல்ல நகரத் தொடங்கும், மெல்ல நிற்கும். கனமான ஒரு பொருள் போகிறது என்ற நம்பிக்கை அப்போதுதான் வரும்.

நீராவி இன்ஜினை இதே அளவில் நிஜமாகவே நீராவியில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, 2010இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் மறுபடி உயிர்பெற்ற ஈ.ஐ.ஆர்-21 எழும்பூர் தடத்தில் புகைவிட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் இங்கும் பரப்பு–கன அளவுச் சிக்கல்தான். 87இல் ஒரு பங்கு கொதிகலனில், உள்ளிருக்கும் ஒவ்வொரு கிராம் நீருக்கும் 87 மடங்கு அதிக வெளிப்பரப்பு கிடைக்கிறது. சூடு வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும், உருளைக்குள் நுழையும் நீராவி வேலை செய்வதற்குள் நீராகிவிடும். முடியவே முடியாது என்றில்லை. ஆனால் அந்த ஆசைக்குப் பெரிய அளவுகள்தான் ஏற்றவை.

1931உம் 1960களும் ஒரே மேசையில்

மாடல் ரயிலுக்கு மின்சாரம் தருவதில் இரண்டு முறைகள் உண்டு. இந்த இரண்டுக்கும் நம் சென்னை–செங்கல்பட்டுத் தடத்தின் வரலாற்றோடு வியப்பான ஒற்றுமை இருக்கிறது.

கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் 1931இல் மின்மயமானபோது மேல்கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் ஓடியது. கம்பியில் வந்த அதே வகை மின்சாரம் மோட்டாருக்குப் போனது. பழைய மாடல் முறையும் இதுவே: தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், துருவத்தை மாற்றினால் திசை மாறும். எளிமையான முறை, ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

1960களில் ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. ஆயிரம் கிலோவாட்டை 1500 வோல்ட்டில் அனுப்ப 667 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் 40 போதும். கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் இருமடிப்படி என்பதால், அதே கம்பியில் இழப்பு 278 மடங்கு குறையும். கம்பி மெலிகிறது, துணைமின் நிலையங்கள் தூரம் தூரமாக அமைந்தால் போதும். இன்ஜினின் வயிற்றுக்குள் ஒரு மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், ஒரு திருத்தி அதை நேர்மின்னோட்டமாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும். மின்சாரத்தை மாற்றும் கருவி நிலத்திலிருந்து இன்ஜினுக்குள் ஏறியது.

மாடல் உலகில் இதே நகர்வு 1990களில் நடந்தது. டி.சி.சி என்ற அந்த முறையை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்க, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் அதைப் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், ஆனால் துருவம் ஓயாமல் மாறிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு துருவமும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ‘ஒன்று’. 100 மைக்ரோ விநாடி நீடித்தால் ‘பூஜ்யம்’. இந்த ஒன்றும் பூஜ்யமும் கோத்த கட்டளையில் முதலில் இன்ஜினின் எண், பிறகு அது செய்ய வேண்டிய வேலை. இன்ஜினுக்குள் இருக்கும் விரல்நகம் அளவு டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மோட்டாரை ஓட்டுகிறது. ஒய்.ஏ.எம்-1 செய்த வேலையைத்தான் அதன் மாடலும் செய்கிறது: வெளியே மாறும் மின்சாரம், உள்ளே திருத்தி, கடைசியில் நேர்மின்னோட்ட மோட்டார். சுருக்கும்போது எத்தனையோ விஷயங்கள் கெட்டுப்போன இடத்தில் இது ஒன்று அசலோடு ஒத்துவருகிறது.

நல்ல டிகோடர் இன்னொன்றும் செய்யும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும். நடுநடுவே ஒரு கணம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டை அளக்கும். அந்த வோல்ட் குறைந்தால் இன்ஜின் ஏற்றத்தில் திணறுகிறது என்று புரிந்துகொண்டு அடுத்த துடிப்பை நீட்டும். மோட்டாரே தன் வேகத்தை அளக்கும் கருவியாகவும் ஆகிறது. கூடுதலாக ஒரு பாகம்கூடத் தேவையில்லை.

பழைய இன்ஜினை இப்படி மாற்றும்போது மறக்கக் கூடாத விதி ஒன்று: மோட்டாரின் இரு முனைகளும் அடிச்சட்டத்தைத் தொடவே கூடாது. பழைய வகைகளில் சட்டமே ஒரு கம்பியாக வேலை செய்யும். அப்படியே விட்டு டிகோடரை இணைத்தால் முதல் விநாடியிலேயே புகைந்துவிடும். பல்ப் எரியும் சாதாரண சோதனைக்கருவியாலேயே இதை முன்கூட்டிப் பார்த்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

உப்புக் காற்று

மின்சாரம் இன்ஜினுக்குள் வருவது சக்கரத்தின் வழியாக. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவு. நான்கு சக்கரங்களில் மட்டும் மின்சாரம் எடுக்கும் இன்ஜின், தடம் பிரியும் பாயின்ட்டுகளில் நின்று நின்று போகும். எட்டுச் சக்கரங்களிலும் எடுக்கச் செய்ய வேண்டும். பாஸ்பர் வெண்கலக் கம்பியை நகக்கண் அளவுக்கு வளைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் மெதுவாக உரசும்படி வைத்தால் போதும். அதிகம் அழுத்தினால் அதுவே பிரேக்காகிவிடும். இதோடு ஒரு மின்தேக்கியும் சேர்க்கலாம். 1000 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். அதற்குள் இன்ஜின் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பல தூசுகளைத் தாண்ட அதுவே போதும்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான நம் பகுதியில் இன்னொரு எதிரி உண்டு. ஈரமும் உப்பும் கலந்த காற்று. எஃகுத் தண்டவாளம், எஃகுச் சக்கரம் இரண்டும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வரையே வாங்குங்கள். பெயரில் தவிர அதில் வெள்ளி கிடையாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எழும் நுண்பொறிகள் ஒரு கறுப்புப் படிவை உண்டாக்கும். அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழும் கீறல்களில் அடுத்த படிவு இன்னும் நன்றாக ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். பளபளப்பு போய் நிறம் வெளுத்துவிடும். தண்டவாளத்துக்கு ஜல்லியாகக் கடற்கரை மணலைப் போட ஆசை வரும், அதுவும் வேண்டாம். உப்பு ஒருபுறம் இருக்க, அதில் கலந்த கருமணலில் காந்தம் இழுக்கும் துகள்கள் உண்டு. அவை நேராக மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

எதைப் பொய்யாகச் செய்வது

மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை. ஆனால் மாடல் செய்பவர் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஒற்றைப் பாறைகளில் குடைந்த ஐந்து ரதங்களும், மரத்தில் கட்டிய கட்டடங்களைக் கல்லில் வடித்தவை. பீம ரதத்தின் வண்டிக்கூடு போன்ற கூரையைப் பாருங்கள். மரத்துக்குத் தேவைப்பட்ட வளைவு, கல்லுக்குத் தேவையில்லாதது. பார்ப்பவருக்கு அது கூரையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே செதுக்கியிருக்கிறார்கள். பொருள் மாறினாலும் வடிவத்தின் உண்மையைக் காப்பாற்ற எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

மாடல் இன்ஜினிலும் அந்த முடிவு ஒவ்வொரு இடத்திலும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் எஃகுத் தகடு 87இல் ஒரு பங்கானால் 0.06 மில்லிமீட்டர், தொட்டால் கசங்கும். நாம் போடும் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கோ அசலில் 87 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர். ஆகவே ஜன்னல் ஓரங்களை மட்டும் உட்புறம் சரிவாகச் சீவி மெல்லியதாகக் காட்டுவார்கள். மேல்கம்பியின் விட்டம் அசலில் 12 மில்லிமீட்டர், மாடலில் 0.14, தலைமுடி கனம். அதையே இழுத்துக் கட்டினால் அறுந்துபோகும்; அரை மில்லிமீட்டர் கம்பி போடுகிறோம். வளைவுகளிலும் இதே சமரசம். அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த ஆரம் கூடாது. மாடலில் அது இரண்டு மீட்டர். நம் வீட்டு மேசையில் 45 சென்டிமீட்டர் ஆரம்தான் கிடைக்கும், அசலில் 40 மீட்டர்! எந்த அகலப்பாதை ரயிலும் அந்த வளைவில் திரும்பாது. மாடல் திரும்ப வேண்டுமானால் போகியின் பக்கத்தில் இருக்கும் ஏணி, குழாய் இவற்றைச் சற்று வெட்ட வேண்டும். என் தீர்ப்பைச் சொல்கிறேன்: உடலின் அளவு, மேற்கூரையின் வளைவு, மேல்கம்பியைத் தொடும் பான்டோகிராப் நிற்கும் இடம், வேகம், நிற்கும் விதம், இந்த ஐந்தில் பொய் கூடாது. மற்றதில் விட்டுக்கொடுக்கலாம். ஆணி ஆணியாகச் செதுக்கிவிட்டு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரைவிட, எளிய உடலை மெதுவாக, சீராக ஓட்டுபவரே அசலுக்கு அருகில் இருக்கிறார்.

இதற்கெல்லாம் அடிப்படை அளவுகள். இன்று அகலப்பாதையில் ஓடும் இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மீட்டர்கேஜ் அப்படியில்லை; சேர்த்துவைத்தவர்களிடமும் நினைவில் வைத்திருப்பவர்களிடமும்தான் தேட வேண்டும். புனேயின் கோத்ரூடில் பாவ்சாகேப் ஜோஷி என்ற தனிமனிதர் சேர்த்த மாடல்களும் உழைப்பும் 1998இல் ஒரு சிற்றளவு ரயில் அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டன. சென்னை ஐ.சி.எஃப் வளாகத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் விழுப்புரத்திலும், அந்த இன்ஜின்களை ஓட்டியவர்கள், பழுதுபார்த்தவர்கள், தினமும் அவற்றின் பின்னால் வேலைக்குப் போய்வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். பழைய ஆல்பத்தில் இன்ஜின் தெரியும் படம் ஒன்று இருந்தால், அதை நல்ல துல்லியத்தில் ஸ்கேன் செய்து, எடுத்த ஊரும் ஆண்டும் பின்னால் குறித்துவையுங்கள். படத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் அவர் உயரத்தையும் எழுதுங்கள். அந்த ஓர் எண்ணை வைத்தே மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.